தொண்ணூற்றாறுக்கு அடுத்த பக்கம்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. கல்லூரித் தேர்வு முடிவு வந்த நாளோடு அவளுடைய அப்பா அதை மறந்துபோனார். அன்று முதல் “எங்க பட்டதாரி எழுந்தாச்சா?”, “பட்டதாரிக்கு டீ குடுத்தாச்சா?” என்றுதான் பேச்சு. அவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், முதல் வரிசையை ஒட்டி முடிப்பதற்குள் மகள் என்ன படித்தாள், எத்தனை மார்க் எடுத்தாள் என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரர்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். தெருவில் பேப்பர் போடுகிறவரும் அவளைப் பட்டதாரி என்று கூப்பிட ஆரம்பித்தபோது, சரி, இனி இதுதான் நம் பெயர் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்பாவுக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். அது அவள் பார்க்கிற வேலை.

“கதை படிக்கிறதுக்கு ஒரு ஆபீஸா?”

“சும்மா படிக்கிறது இல்லப்பா. எந்தக் கிளாஸ் பிள்ளைங்களுக்கு எந்த நாவல் சரியா இருக்கும்னு படிச்சுப் பாத்து எழுதணும். பள்ளிக்கூடத்துல அதப் பாத்துட்டுத்தான் லைப்ரரிக்குப் புத்தகம் வாங்குவாங்க.”

“அதாவது, பிள்ளைங்க படிக்கிறதுக்கு முன்னாடி நீ படிச்சுப் பாக்குற.”

“ஆமா.”

“ராஜா சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒருத்தன் ருசி பாப்பானே, அந்த மாதிரி.” அப்பாவுக்கு ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. “விஷம் இருந்தா மொதல்ல நீதான் விழுவ. பாத்துப் படிம்மா.”

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டே அறைகளில் இருந்தது. கீழே கண் பரிசோதிக்கிறவர், சுவரில் இருக்கும் எழுத்துகளை வருகிறவர்களைப் படிக்கச் சொல்வது மேலே துல்லியமாகக் கேட்கும். கடைசி வரிக்கு வந்ததும் ஆளாளுக்குத் தடுமாறுவார்கள். மேலே எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு அது ஒரு வகையில் ஆறுதல். பதிப்பகங்கள் நாவலுக்கு ஒரு பிரதி வீதம் அனுப்பிவைக்கும். அவற்றிலிருந்து வருஷத்துக்கு முப்பது நாவல்களைத் தேர்ந்து, அறுபது பள்ளிகளுக்குப் பட்டியல் போகும். மாதா மாதம் எட்டுப் பக்கத்தில் மதிப்புரை இதழும் போகும். ஒரு நாவலை இரண்டு பேர் படிக்க வேண்டும் என்பது அங்கே விதி. முதல் ஆள் எழுதுவார். இரண்டாவது ஆள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

அலுவலகத்துக்குத் தலைவி மேடம். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மதிப்புரையில் வரக்கூடாத சொற்கள்: விறுவிறுப்பான, மனதைத் தொடும், சிறுவர் முதல் பெரியவர் வரை, கீழே வைக்க மனம் வராது. பட்டதாரி சேர்ந்த முதல் வாரத்திலேயே நாலாவதைப் பயன்படுத்திவிட்டாள்.

“கீழ வைக்க மனசே வரல?” என்றார் மேடம்.

“ஆமா மேடம்.”

“அப்புறம் எந்தக் கையால இத எழுதின?”

பக்கத்து மேசைக்காரர் அறிவியல் புத்தகங்களைப் பார்க்கிறவர். எல்லாருக்கும் அவர் ‘சயின்ஸ்’. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆள் பற்றாக்குறையால் நாவல்களுக்கு இரண்டாவது கையெழுத்தும் அவர் தலையில்தான் விழும். “எனக்குக் கதைன்னா யாராவது செத்தாங்களா, இல்லியா, அவ்வளவுதாம்மா தெரியும்” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். ஆனால் படிக்காமல் போடமாட்டார்.

வேலையைக் கற்றுக்கொள்ளப் பட்டதாரி தனக்கென்று இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டாள். ஒன்று, பஸ்ஸில் படிக்கும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் அந்த நாவல் தேறியது. இரண்டாவது, அம்மா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் போர்வை மடித்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து காய் நறுக்குகிற அம்மாவிடம் கதையைச் சொல்வாள். அம்மா நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் அந்த இடத்தில் கதைக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

‘ஏழாவது மாடி சைக்கிள்’ என்ற நாவல் இரண்டு சோதனைகளிலும் தேறியது. பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தாண்டிப்போய் வெயிலில் திரும்பி நடந்தாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அண்ணன், தன் சைக்கிளை மொட்டை மாடியில் ஏற்றி வைத்துவிட்டு ஒருநாள் காணாமல் போகிறான். தங்கை தேடுகிறாள். பஸ் டிப்போவில் அண்ணனுடையது மாதிரி ஒரு சட்டையின் முதுகைப் பார்க்கிறாள். அத்தோடு ஒரு அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் அண்ணன் வீட்டுச் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எங்கே போனான், எப்படி வந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. தங்கை அவனுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறாள்.

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “எங்கதான் போயிருந்தானாம்?”

“அதச் சொல்லலம்மா.”

“சொல்லலியா! என்னடி கத இது?”

“அதச் சொல்லாம விட்டாங்க பாரு, அதுதாம்மா இலக்கியம்.”

“என்னவோ போ. பெத்தவ ஒருத்தி அந்த வீட்டுல இருக்காளா, இல்லியா? அவளுக்காவது சொன்னானா?”

பட்டதாரி பெருந்தன்மையோடு சிரித்துக்கொண்டாள். மறுநாள் எழுதினாள்: ‘அண்ணன் எங்கே போனான் என்பதை இந்நாவல் கடைசிவரை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் இதன் துணிச்சல். வாசிக்கிற பிள்ளையின் மேல் ஆசிரியருக்கு இருக்கும் நம்பிக்கை அதில் தெரிகிறது.’ சயின்ஸ் படித்துக் கையெழுத்துப் போட்டார். மேடம் இரண்டாவது வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடிட்டு ‘நன்று’ என்று எழுதினார். மேடம் ‘நன்று’ எழுதி இரண்டு வருஷம் ஆகிறது என்று சயின்ஸ் சொன்னார். பட்டியலில் முதல் நாவலாக அதுவே போனது.

அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை முடிய ஐந்து நாள் இருந்தது. அவளை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வெள்ளிக்கிழமை குழு கூடும். நிரந்தரமாக்கினால் அடுத்த பட்டியலின் பின்னட்டையில் ‘தேர்ந்தவர்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே அவள் பெயர் வரும். வீட்டில் வைத்த அந்த உண்மையான பெயர். அப்பா இதைத் தெருவில் இரண்டு சுற்று சொல்லி முடித்திருந்தார்.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், அடிக்கோல் வைத்து ஓரம் விட்டு எழுதியிருந்தது.

‘மதிப்பிற்குரிய மதிப்புரையாளர் அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு மாணவ மாணவியர் எழுதுவது. தங்கள் மதிப்புரையை எங்கள் தமிழாசிரியை மாதிரிக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். பிறகு நாங்கள் நாவலைப் படித்தோம். அண்ணன் எங்கே போனான் என்று நாவல் சொல்லவில்லை என எழுதியிருக்கிறீர்கள். 97ஆம் பக்கத்திலிருந்து 112ஆம் பக்கம் வரை அதைத்தான் சொல்கிறது. இரண்டு முறை பார்த்துவிட்டோம். தாங்கள் படித்தது வேறு புத்தகமா? பதில் எதிர்பார்க்கிறோம். இப்படிக்கு, வகுப்புத் தலைவி மற்றும் 39 பேர்.’

பட்டதாரி அலமாரியிலிருந்து பிரதியை எடுத்தாள். தொண்ணூற்றாறைப் பார்த்தாள். எதிர்ப் பக்கத்தைப் பார்த்தாள். நூற்றுப் பதிமூன்று.

ஒரு ஃபாரம் முழுசாக, பதினாறு பக்கம், தைக்கும்போதே விட்டுப்போயிருந்தது. தொண்ணூற்றாறு முற்றுப்புள்ளியோடு முடிந்து, நூற்றுப் பதிமூன்று புது அத்தியாயத்தோடு தொடங்கியது அவளுடைய கெட்ட நேரம். அத்தியாயங்களுக்கு எண்ணும் கிடையாது. தலைப்பில் ஒரு குட்டி சைக்கிள் படம் மட்டும்தான்.

“அண்ணா,” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். “இதப் படிக்கும்போது உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?”

சயின்ஸ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “பக்கம் குதிக்குதேன்னா? பாத்தேனே.”

“பாத்தீங்களா!”

“பாத்தேன்மா. எங்க சயின்ஸ் புத்தகமா இருந்தா உடனே திருப்பி அனுப்பியிருப்பேன். இது நாவல். குதிக்கும்போலன்னு நெனச்சேன். நீ வேற மௌனம், துணிச்சல்னு எழுதி வச்சிருக்க. இலக்கியம் படிச்ச பொண்ணு, அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மையில் அவளும் அதையேதான் செய்திருந்தாள். அந்த இடத்தில் முதலில் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை, புரியாதது தன் குறைதான் என்று முடிவு கட்டினாள். கல்லூரியிலும் அப்படித்தான். வகுப்பில் எல்லாரும் ஒரு வரியைக் கேட்டுத் தலையாட்டினால் அவளும் ஆட்டுவாள். வீட்டில் அவளுக்கு முன்னால் ஒரு நாவலை முழுதாகப் படித்தவர் யாருமில்லை. ‘இது இப்படித்தான் இருக்குமா?’ என்று போய்க் கேட்க ஆளில்லை. அதனால் தெரியாத இடங்களையெல்லாம் உயர்வான இடங்கள் என்று வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். அம்மா ஒருத்தி மட்டும் கதையில் ஓட்டை இருக்கிறது என்று பட்டென்று சொன்னாள். அவளுக்கு இவள் இலக்கியம் சொல்லிக்கொடுத்தாள்!

கடிதம் அவள் கைக்கு மட்டும்தான் வந்திருந்தது. மேசை இழுப்பறையும் இருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுப்பறைக்குள் ஒரு கடிதம் தூங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. கடிதத்தை உள்ளே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். “அந்த இழுப்பறைக்கு எண்ணெய் விடணும்” என்றார் சயின்ஸ், தலையைத் தூக்காமலே.

மதியம் புத்தகக் கடைக்குப் போய் அந்தப் பதினாறு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். அண்ணன் பரீட்சையில் தோற்று, பஸ்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தங்கை கண்டுபிடிக்கிறாள். பஸ்ஸின் பின்னால் எண் எழுத அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுக்கிறான். அவள் எழுதும் எட்டு கோணலாகிறது. அதோடேயே பஸ் ஊருக்குள் ஓடுகிறது. அந்தப் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு மாமா வருகிறார். கல்வியின் பெருமை பற்றி ஐந்து பக்கம் பேசுகிறார். பட்டதாரிக்குக் கால் வலித்தது.

அவளை அதிகம் கலங்கடித்தது அந்த மாமாதான். பதினாறு பக்கமும் நன்றாக இருந்திருந்தால் தப்பை ஒப்புக்கொண்டு போய்விடலாம். அத்தனையும் மோசமாக இருந்தால் நாவலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இதுவோ அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

திரும்பி வந்து கடிதத்தை மேடம் முன்னால் வைத்தாள். மேடம் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

“நான் அதுக்கு ‘நன்று’ன்னு வேற எழுதினேன், இல்ல?”

“ஆமா மேடம்.”

“பிரதியில கோளாறு, வருந்துகிறோம்னு ரெண்டு வரி போட்டா இது முடிஞ்சிடும். அது என் வேலை. உன் வேலை வேற. அறுபது பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்கோம். முழுசாப் படிச்சப்புறமும் இந்த நாவலைக் குடுப்பியா, மாட்டியா? வெள்ளிக்கிழமை குழு அதத்தான் கேக்கும். உன்ன வச்சுக்கலாமா, வேணாமான்னு அவங்க முடிவு பண்ணப் போறதும் அத வச்சுத்தான்.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க மேடம்?”

“நான் இன்னும் படிக்கல. படிச்சாலும் சொல்லப் போறதில்ல” என்று மேடம் ப்ரூஃபுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

புதன்கிழமை பட்டதாரி குறைபட்ட பிரதியையும் கடையில் வாங்கிய முழுப் பிரதியையும் பையில் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனாள். கடிதத்துக்கு நேரில் பதில் சொல்ல வந்திருக்கிறேன் என்றதும் தமிழாசிரியை ஒரு பாடவேளையைக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் நோட்டுத் திருத்த உட்கார்ந்துகொண்டார். நாற்பது ஜோடிக் கண்கள். வகுப்புத் தலைவி காதில் பென்சில் சொருகியிருந்தாள். பார்வையே விசாரணை மாதிரி இருந்தது.

நடந்ததைச் சொன்னாள். குறைபட்ட பிரதியைத் தூக்கிக் காட்டினாள்.

“கிழிஞ்சு போச்சா மிஸ்?”

“கிழியல. தைக்கும்போதே விட்டுட்டாங்க.”

“பக்க நம்பர் பாக்கலியா நீங்க?”

“பாக்கல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “எங்க மிஸ், நோட்டுல ஒரு தாள் கிழிச்சாலே கண்டுபிடிச்சிடுவாங்க” என்றான் ஒருவன்.

“கண்டுபிடிப்பேன்” என்றார் தமிழாசிரியை, நிமிராமல்.

தான் படித்தபடியே படித்துக் காட்டட்டுமா என்று பட்டதாரி கேட்டாள். டிப்போவில் தெரிந்த சட்டை முதுகு, முற்றுப்புள்ளி, உடனே சமையலறை, தண்ணீர். அப்படியே படித்துக் காட்டினாள்.

“இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றாள் ஜன்னலோரம் இருந்த ஒருத்தி. “ஆனா பயமா இருக்கு மிஸ். அவன் எங்க போனான்னு தெரியாமலே இருந்தா, மறுபடி போயிடுவானோன்னு இருக்கும்.”

“எட்டு எழுதுற எடம் இல்லாம எப்படி மிஸ்?” என்றான் இன்னொருவன். “அதுதானே கதையே! நான் இப்பல்லாம் எந்த பஸ் வந்தாலும் பின்னால போய்ப் பாக்குறேன்.”

“மாமா?” என்று கேட்டாள் பட்டதாரி.

வகுப்பில் ஒரு மாதிரிச் சலசலப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்த மாமா பேச ஆரம்பிச்சதும் நான் தாண்டிட்டேன் மிஸ்.”

“நானும்.”

“நான் அஞ்சு பக்கத்தையும் சேத்துப் புடிச்சு ஒரே திருப்பு.”

“தாண்டினவங்க எல்லாம் கை தூக்குங்க பாப்போம்.” முப்பதுக்கு மேல் கைகள் எழுந்தன. தமிழாசிரியை இப்போது நிமிர்ந்தார். “யார் யாரு?” அத்தனை கையும் ஒரே நேரத்தில் இறங்கின. ஒரே ஒரு பையன் மட்டும் எழுந்து, “நான் முழுசாப் படிச்சேன் மிஸ். நல்லா இருந்துச்சு. எங்க மாமாவும் நிறுத்தாம இப்படித்தான் பேசுவாரு” என்றான். அவன் உட்காருவதற்குள் வகுப்பு அவனுக்கு ‘மாமா’ என்று பெயர் வைத்துவிட்டது.

பட்டதாரி மேசையில் சாய்ந்து நின்றாள். இந்தப் பிள்ளைகளுக்குப் புரியாத இடம், பிடிக்காத இடம் என்று எதுவும் தங்கள் குறையாகத் தோன்றவே இல்லை. தாண்டினார்கள். தாண்டியதற்காக நாவலை விட்டும் விடவில்லை.

மணி அடித்தபோது வகுப்புத் தலைவி கிட்டே வந்தாள். “நாவல் நல்லா இருக்குன்னு நீங்க எழுதினது சரிதான் மிஸ். ஏன் நல்லா இருக்குன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் தப்பு.” பிறகு பெரிய மனசோடு, “திருத்திட்டா சரியாயிடும்” என்றாள்.

வியாழக்கிழமை முழுக்க எழுதினாள். வெள்ளிக்கிழமை குழு கூடியது: மேடம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அச்சகக்காரர் ஒருவர். மேடம் வாசித்தார்.

‘சென்ற இதழில் இந்நாவலின் மௌனத்தைப் பாராட்டியிருந்தேன். அது மௌனம் அல்ல. நான் படித்த பிரதியில் பதினாறு பக்கங்கள் இல்லை. இல்லாததை நான் கவனிக்கவில்லை. ஏழாம் வகுப்பு மாணவர்கள் கவனித்தார்கள். இப்போது முழுதாகப் படித்தேன். பஸ்ஸின் பின்னால் ஒரு சிறுமி கோணலாக எட்டு எழுதும் பக்கத்துக்காகவே இதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். அதன் பின் ஒரு மாமா ஐந்து பக்கம் பேசுகிறார். பொறுமையுள்ளவர்கள் கேட்கலாம். மற்றவர்கள் தாண்டினால் கதை கோபித்துக்கொள்ளாது.’

“தாண்டலாம்னு எப்படி எழுதலாம்?” என்றார் தலைமையாசிரியர். “பிள்ளைங்களுக்கு நாமே சொல்லிக் குடுக்குற மாதிரி இல்ல இருக்கு?”

“அவங்க ஏற்கெனவே தாண்டிட்டாங்க சார்” என்றாள் பட்டதாரி. “நான் எழுதாம விட்டா, மத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தாண்டினது ஏதோ தப்புன்னு நெனச்சுட்டு நாவலையே வச்சிடுவாங்க.”

அச்சகக்காரர், பதினாறு பக்கம் விட்டுப்போவது எந்த அச்சகத்திலும் நடக்கிறதுதான் என்று தன் தொழிலுக்காக வாதாடினார். தலைமையாசிரியர் தாடையைத் தடவிக்கொண்டு, தாம் சின்ன வயதில் தாண்டிய பக்கங்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, மேடத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாவல் பட்டியலில் இருக்கும் என்று முடிவாயிற்று. மதிப்புரை எழுதியபடியே போகும், ஒரு எழுத்து மாறாது. நிரந்தரம் மட்டும் இன்னும் மூன்று மாதத்துக்குத் தள்ளிப்போனது. “எழுத்துல குறையில்ல,” என்றார் மேடம், “பக்கத்த எண்ணக் கத்துக்கிட்டு வா.” இரண்டாவது கையெழுத்துக்கும் அதே மூன்று மாதம் என்று சயின்ஸைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். இருபது வருஷமாக நிரந்தரமாக இருக்கும் சயின்ஸ் திடுக்கிட்டுப்போனார்.

அப்பா வாசலிலேயே காத்திருந்தார். “என்ன பட்டதாரி, பேரு வருதா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கவனமாகக் கேட்டார்.

“பதினாறு பக்கம் இல்லாதது ஒனக்குத் தெரியலியா? ஒரு ரூமுக்கு நடுவுல டைல் போடாம விட்டா, கால் உள்ள போயிடுமேம்மா!”

“எனக்குப் போகலப்பா. தாண்டிப் போயிட்டேன்.”

“தெருவுல கேட்டா நான் என்ன சொல்றது?”

“ஃபெயில் இல்ல, சப்ளிமெண்டரின்னு சொல்லுங்க.”

அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. எதிர்வீட்டுக்காரரிடம் உடனே சொல்லக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை புது நாவல் ஒன்று மேசைக்கு வந்தது. பெரிய எழுத்தாளர், கனமான அட்டை. சயின்ஸ் அதை வாங்கி, கட்டைவிரலால் மூலையைப் பிடித்து, ஒன்று, மூன்று, ஐந்து என்று கடைசிவரை உரக்க எண்ணினார். கீழே கண் பரிசோதனைக்கு வந்தவர் ஒருவர் எண்களைக் கேட்டுக் குழம்பியதாகக் கண்ணாடிக் கடையிலிருந்து புகார் வந்தது. “முழுசா இருக்கு. கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?” என்று நாவலை அவளிடம் நீட்டினார்.

நாற்பத்தோராம் பக்கத்தில் கதை கையை விட்டு நழுவியது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. முன்பக்கத்தைப் பார்த்தாள், நாற்பது. பின்பக்கத்தைப் பார்த்தாள், நாற்பத்திரண்டு. எல்லாம் இருந்தது. இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள். பிறகு குறிப்புச் சீட்டை இழுத்து, ‘பக்கம் 41: ஆசிரியர் குழப்புகிறார்’ என்று எழுதினாள். எழுதியதை ஒரு முறை பார்த்தாள். அடிக்கவில்லை.

“டீ குடிக்கப் போலாமாண்ணா?” என்று எழுந்தாள்.